சிங்கப்பூரில் முதல் வீடு: ரூமா, பங்கு வீடா, கான்டோவா?

போன மாதம் ஒரு ராத்திரி எங்கள் ஊர்த் தம்பி ஒருவன் போன் செய்தான். "அண்ணே, இபி வந்துருச்சு. அடுத்த மாசம் கிளம்புறேன். ரூம் பாக்கவா, முழு வீடாவே எடுத்துரவா?" இபி என்றால் எம்ப்ளாய்மென்ட் பாஸ், இங்கே வேலை பார்க்க அனுமதி. ஆபீஸ் சாங்கி பிசினஸ் பார்க்கில். சம்பளம் 6,500 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). மனைவியும் மூன்று வயது மகளும் ஆறு மாதம் கழித்து வருவதாகத் திட்டம். ஐடிக்காரன் என்பதால் கையோடு ஒரு எக்செல்லையும் அனுப்பிவிட்டான். வாடகை, கரண்ட் பில், எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும் நிமிடம், சமைக்கலாமா கூடாதா என்று எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் இருந்தது. பாதியில் கிளம்ப நேர்ந்தால் எவ்வளவு போகும் என்பதற்கு மட்டும் கட்டம் இல்லை.

நான் 2013இல் வந்தபோது என் கணக்கிலும் அது இல்லை. அதற்கு என்ன விலை கொடுத்தேன் என்பதைக் கொஞ்சம் கழித்துச் சொல்கிறேன். முதலில் இருக்கிற வழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிடலாம்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (எண்ணெய், ரசாயன ஆலைகள்) துறைகளில் வொர்க் பெர்மிட்டில் வரும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் கட்டுரை பெரிதாக உதவாது. அவர்களுக்கு இடம் பார்ப்பது கம்பெனியின் பொறுப்பு, பெரும்பாலும் டார்மிட்டரி எனும் தொழிலாளர் விடுதிதான். மலேசியர் அல்லாத வொர்க் பெர்மிட்காரர்கள் அந்தத் துறைகளில் இருந்தால் எச்டிபி என்கிற அரசு அடுக்குமாடி வீட்டில் வாடகைக்கு இருக்க முடியாது. "யாருக்குத் தெரியப்போவுது, வாங்க" என்று எந்த ஓனராவது கூப்பிட்டால் போகாதீர்கள். மாட்டினால் ஓனருக்கு வீடு இருக்கும், உங்களுக்கு வேலை இருக்காது. இனி எழுதுவது இபியிலும் அதற்கு அடுத்தபடியான எஸ் பாஸிலும் வந்து, எங்கே தங்குவது என்று தாங்களே முடிவு செய்ய வேண்டியவர்களுக்கு.

பேர்க்குழப்பமும் நாலைந்து விதிகளும்

இங்கே பெரும்பாலான மக்கள் இருப்பது அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளில். பேச்சில் எச்டிபி, தமிழ்ப் பத்திரிகையில் வீவக வீடு. ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இந்த வீடுகளின் பெயர். "3 ரூம்" என்றால் மூன்று படுக்கையறை என்று நினைப்போம். இங்கே ஹாலையும் ஒரு ரூமாக எண்ணுவார்கள். 3 ரூம் வீட்டில் படுக்கையறை இரண்டு, 4 ரூம் வீட்டில் மூன்று. அதில் குளியலறை ஒட்டிய பெரிய அறை மாஸ்டர் ரூம், மற்றவை காமன் ரூம். நம் ஊர் 2 பிஎச்கே என்பது இங்கே 3 ரூம். தம்பியின் எக்செல்லிலும் இது தப்பாகத்தான் இருந்தது. 4 ரூம் வீட்டு வாடகையைப் போட்டுவிட்டு, நாலு படுக்கையறை இவ்வளவு மலிவா என்று பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி வேறு.

எச்டிபியில் ரூமோ வீடோ, ஆறு மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. கான்டோ போன்ற தனியார் வீடுகளுக்குக் குறைந்தபட்சம் மூன்று மாதம். அதனால் "ஒரு மாசம் மட்டும் தங்கலாம்" என்று எச்டிபி ரூமுக்கு விளம்பரம் வந்தால் அது விதிக்குப் புறம்பானது. முதல் இரண்டு வாரத்துக்கு ஹோட்டலோ ஹாஸ்டலோதான் வழி. லிட்டில் இந்தியா பக்கம் மலிவாகக் கிடைக்கும். சாப்பாட்டுக்கும் அலைய வேண்டாம்.

எச்டிபிக்கு விண்ணப்பிக்கும் நாளில் உங்கள் பாஸில் குறைந்தது ஆறு மாதம் மிச்சம் இருக்க வேண்டும். புதிதாக வருகிறவர்களுக்கு இது பிரச்சினை இல்லை. ரினியூவல் நெருங்கும்போது வீடு மாற்றுகிறவர்கள்தான் இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

முழு எச்டிபி வீட்டை வாடகைக்கு விட ஓனர் சிங்கப்பூர்க் குடிமகனாக இருக்க வேண்டும். பிஆர் (நிரந்தரவாசி) ஆக இருப்பவர் ரூம் விடலாம், முழு வீட்டை விட முடியாது. நம்மவர்களிடம் இது அடிக்கடி இடிக்கும். வாட்ஸப் குழுவில் "தமிழ் ஃபேமிலி, பிஆர், ஊருக்குப் போகிறோம், வீடு முழுதும் வாடகைக்கு" என்று வரும். நல்ல மனிதராகவே இருக்கலாம். ஆனால் அந்த வீட்டில் நீங்கள் இருப்பதற்கு அனுமதி கிடைக்காது.

அதேபோல ரூம் விடும் ஓனர் அந்த வீட்டிலேயே குடியிருக்க வேண்டும். ஒரு ரூமைப் பூட்டிவைத்துவிட்டு வேறெங்கோ இருந்துகொண்டு மற்றதை விடுவது தப்பு. "ஓனர் வரவே மாட்டார், ஃப்ரீயா இருக்கலாம்" என்பது நம்மை இழுக்கும் வாசகம். ஏன் வரமாட்டார் என்று கேட்டுவிடுங்கள்.

ஓனர் இருக்கும் வீட்டில் ஒரு ரூம்

காமன் ரூமுக்கு இப்போது ஏறக்குறைய 900 முதல் 1,200 வெள்ளி வரை கேட்கிறார்கள். மாஸ்டர் ரூம் என்றால் மேலே ஒரு 300, 400. கட்டில், அலமாரி, ஏசி, வைஃபை எல்லாம் இருக்கும். இரண்டு பெட்டியோடு போய் அன்று ராத்திரியே படுத்துவிடலாம். இதன் பெரிய பலம் இதுதான். முன்பணம் ஒரு மாத வாடகை. ஆறு மாத ஒப்பந்தம் கேட்டாலும் கொடுக்கிற ஓனர்கள் உண்டு, வருடத்துக்குப் போட்டால் ஐம்பது நூறு குறைப்பார்கள்.

சிக்கல் எல்லாம் பணத்துக்கு வெளியே. முதலாவது சமையல். விளம்பரத்தில் மூன்று வகை எழுதுவார்கள்: குக்கிங் உண்டு, லைட் குக்கிங், நோ குக்கிங். லைட் குக்கிங் என்றால் என்ன என்று இந்த ஊரில் எந்த இரண்டு ஓனரும் ஒரே பதில் சொன்னதில்லை. என் முதல் ஓனரம்மாவுக்கு அது மேகி நூடுல்ஸ். ஒரு நாள் தெரியாமல் கடுகு தாளித்துவிட்டேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எல்லா ஜன்னலையும் திறந்து, ஃபேனைப் போட்டு, ஹாலில் உட்கார்ந்துகொண்டார். அன்றிலிருந்து இட்லிப் பொடியோடு வாழ்ந்தேன். தமிழ் ஓனராக இருந்தால் தாளிக்கலாம். ஆனால் சைவ வீடாக இருந்தால் முட்டைக்கும் தடா. எது தேவலை என்பது உங்கள் நாக்கைப் பொறுத்தது.

இரண்டாவது ஏசி. ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஏழு வரை மட்டும் என்பது பரவலான வழக்கம். சனி ஞாயிறில் வீட்டிலிருந்து வேலை பார்க்கிற ஆளாக இருந்தால் முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். கூடவே ஒரு யோசனை: ரூம் பார்க்கப் போகும்போது சாயங்காலம் நாலு மணிக்குப் போங்கள். மேற்குப் பார்த்த ரூமா என்பது அப்போதுதான் தெரியும். மேற்கு வெயில் வாங்கிய சுவர் ராத்திரி பதினொன்று வரை சுடும். காலையில் பார்த்தால் அதே ரூம் குளுகுளுவென்று இருக்கும்.

அப்புறம் விருந்தாளி வரலாமா, துணி வாரத்தில் எத்தனை நாள் துவைக்கலாம், வெளியே மூங்கில் கழியில் காயப்போடலாமா, குளியலறையை எத்தனை பேர் பங்கு போடுகிறார்கள். கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்டுவிட்டு, ஒத்துக்கொண்டதை வாட்ஸப்பில் ஒரு வரி எழுதி அனுப்பிவிடுங்கள். ஓனர் ஒரு கட்டைவிரல் போட்டால் போதும்.

போனில் பேசியதும் "என்ன ரேஸ், என்ன பாஸ்" என்று கேட்பார்கள். விளம்பரத்தில் இனத்தைச் சொல்லி ஒதுக்கக்கூடாது என்று ஏஜென்ட்டுகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. இருந்தும் பத்து இடத்தில் கேட்டால் இரண்டு மூன்று இடத்தில் இந்தியர் என்றதும் "ரூம் போயிருச்சு" என்று வைத்துவிடுவார்கள். முதல் வாரம் மனசு வலிக்கும். அதை உங்கள் மேல் ஏற்றிக்கொள்ளாமல் அடுத்த எண்ணைக் கூப்பிடுவதுதான் நடைமுறை.

குடும்பத்தோடு ஒரு ரூமில் இருக்க முடியுமா? தம்பதிக்குக் கூடுதல் வாடகை வாங்கிக்கொண்டு மாஸ்டர் ரூம் கொடுப்பார்கள். குழந்தையோடு என்றால் கஷ்டம். கிடைத்தாலும் ஓனர் தூங்கும் நேரத்தில் பிள்ளை அழுதால் உங்களுக்குத்தான் வியர்க்கும்.

நாலு பேர் சேர்ந்து முழு வீடு

4 ரூம் எச்டிபி ஒன்றை மாதம் 3,300 வெள்ளிக்கு மூன்று பேர் எடுக்கிறார்கள் என்று வைப்போம். தலைக்கு 1,100. ஓனர் வீட்டு ரூமுக்குக் கொடுத்த அதே காசு. ஆனால் அடுப்படி நம்முடையது. ஞாயிற்றுக்கிழமை மீன் குழம்பு வைக்கலாம், கிரிக்கெட் பார்த்துக் கத்தலாம். வந்த புதிதில் தனிமை கடித்துத் தின்னும்போது இது சின்ன விஷயம் இல்லை. பேச்சலருக்கு மனசுக்கு நிறைவான ஏற்பாடு இதுதான் என்று இன்றும் சொல்வேன். காகிதத்தில் ஆபத்தானதும் இதுதான்.

காரணம், ஒப்பந்தத்தில் மூவர் கையெழுத்துப் போட்டால் வழக்கமாக மூவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. ஒருவனுக்கு வேலை போய் ஊருக்குப் போய்விட்டால் ஓனர் அவனைத் தேடிப் போகமாட்டார். மிச்சமிருக்கும் இரண்டு பேர் தலைக்கு 1,650 கட்ட வேண்டும், புது ஆள் கிடைக்கும்வரை. அந்தப் புது ஆளையும் சும்மா உள்ளே விட்டுவிட முடியாது. ஓனர் எச்டிபியில் அவர் பெயரைப் பதிய வேண்டும். தலைக்கணக்கும் உண்டு. 3 ரூம் வீட்டில் அதிகபட்சம் ஆறு பேர். 4 ரூமும் அதற்குப் பெரியதும் என்றால் 2024 ஜனவரியிலிருந்து தற்காலிகமாக எட்டுப் பேர் வரை அனுமதித்திருக்கிறார்கள். ஹாலில் பலகை தட்டி ரூம் ஆக்கி ஆள் சேர்ப்பதற்கு அனுமதி கிடையாது.

நம்மவர்களிடம் இன்னொரு வகை உண்டு. ஒருவர் வீட்டை எடுத்து, மற்ற ரூம்களைத் தானே ஆள் பிடித்து விடுவார். அவரைப் பேச்சில் மெயின் டெனன்ட் என்பார்கள். வாடகைக்கு எடுத்தவர் மறுபடி வாடகைக்கு விடுவதை எச்டிபி ஒத்துக்கொள்வதில்லை. நீங்கள் மாதாமாதம் அவருக்குக் காசு கொடுப்பீர்கள், அவர் ஓனருக்குக் கொடுத்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. முன்பணமும் அவரிடம். ஒரு காலையில் ஓனர் கதவைத் தட்டி "நீ யார்" என்று கேட்டால் காட்ட ஒரு காகிதமும் இருக்காது. இப்படி ஒரு வீட்டுக்குப் போகிறீர்கள் என்றால் கேட்க வேண்டியது ஒன்றுதான்: எச்டிபி கொடுத்த ஒப்புதலில் என் பெயர் இருக்குமா? "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்று பதில் வந்தால் அப்புறமும் இருக்காது.

முழு வீட்டுக்கு இன்னொரு தடை, கோட்டா. மலேசியர் அல்லாத வெளிநாட்டவர் வாடகைக்கு இருக்கும் வீடுகள் ஒரு வட்டாரத்தில் 8 விழுக்காட்டையும் ஒரு புளோக்கில் 11 விழுக்காட்டையும் தாண்டக்கூடாது. வீடு பிடித்து, விலை பேசி, கைகுலுக்கிய பிறகு "கோட்டா ஃபுல்" என்று ஏஜென்ட் சொல்வது சகஜம். வீட்டைப் பார்க்கப் போகும் முன்பே கோட்டாவைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓனரோடு இருக்கும் ரூமுக்கு இந்தத் தொல்லை இல்லை.

கான்டோ

நீச்சல் குளம், ஜிம், வாசலில் செக்யூரிட்டி. ஊருக்குப் போட்டோ அனுப்ப நன்றாக இருக்கும். இரண்டு படுக்கையறைக்கு நகருக்கு வெளியே 4,000 வெள்ளிக்குப் பக்கம் கேட்கிறார்கள், எம்ஆர்டி காலடியில் இருந்தால் அதற்கும் மேல். கோட்டா இல்லை, ஓனர் பிஆரா குடிமகனா என்ற ஆராய்ச்சி வேண்டாம். வெளிநாட்டவருக்குப் பழகிய ஓனர்கள் அதிகம் என்பதால் பேச்சும் சுலபம். சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் மனைவி பகலெல்லாம் தனியாக இருக்கப்போகிறார் என்றால், கீழே இறங்கியதும் விளையாட இடமும் பேச்சுத்துணைக்கு நாலு தமிழ்க் குடும்பமும் இருப்பது பெரிய விஷயம்தான்.

ஆனால் 6,500 சம்பளத்தில் 4,200 வாடகை என்பது கணக்கே இல்லை. அதைவிட, எம்ஆர்டிக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய 3 ரூம் எச்டிபி நல்லது. விளையாட்டுத் திடல் எச்டிபி புளோக்குக்குக் கீழேயும் இருக்கிறது, காப்பிக்கடையும் இருக்கிறது. கான்டோவை நான் சிபாரிசு செய்வது இரண்டு பேருக்குத்தான்: கம்பெனி வாடகை கொடுக்கிறவர்களுக்கும், கணவன் மனைவி இருவரும் சம்பாதிக்கிறவர்களுக்கும். எல்லாம் தயாராக, கூடுதல் காசுக்கு, மூன்று மாதத்துக்கும் எடுக்கலாம் என்கிற கோ-லிவிங் ரூம்களும் இப்போது நிறைய. ஒப்பந்த வேலை நாலு மாதம்தான் என்றால் அது சரி.

எல்லைக்கு அந்தப் பக்கம் மலேசியாவில் இருக்கும் ஜொகூர் பாருவில் தங்கி தினமும் கடல் தாண்டி வருவதைப் பற்றியும் தம்பி கேட்டான். வாடகை அங்கே பாதிகூட இல்லை, உண்மை. மலேசியத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் அப்படி வருகிறார்கள், விடியற்காலை நாலரைக்குக் கிளம்பி. இந்தியக் கடவுச்சீட்டோடு விசா இல்லாமல் மலேசியாவுக்குள் போவது சுற்றிப் பார்க்கக் கொடுக்கும் சலுகை. அதை வைத்துக் குடியிருக்க முடியாது. உட்லண்ட்ஸ் நார்த்துக்கும் புக்கிட் சாகாருக்கும் இடையே வரும் ஆர்டிஎஸ் ரயில் ஐந்து நிமிடத்தில் கடலைத் தாண்டிவிடும். ஆனால் அது மலேசியக்காரர்களின் தூக்கத்தை மிச்சம் பிடிக்கத்தான் உதவும், தம்பிக்கு அல்ல.

கிளம்பும் கணக்கு

இப்போது என் கதை. 2014இல் செங்காங்கில் இரண்டு நண்பர்களோடு ஒரு வீடு எடுத்தேன். இரண்டு வருட ஒப்பந்தம். இரண்டு வருடத்துக்குப் போட்டால் வாடகை ஏறாது என்று ஏஜென்ட் சொன்னார், தலையாட்டினோம். ஒன்பதாவது மாதம் என் பிராஜெக்ட் மூடப்பட்டது. இங்கே இபி ரத்தானால் சாதாரணமாக முப்பது நாள் தங்க அனுமதி கிடைக்கும். அதற்குள் வேறு வேலை, இல்லாவிட்டால் விமானம். அது தெரியும். தெரியாதது, கடைசிச் சம்பளம் கைக்கு வராது என்பது. வெளிநாட்டு ஊழியர் வேலையை விடும்போது முதலாளி வரித் துறைக்குக் கணக்கு கொடுத்து, வரி முடிந்தது என்று பதில் வரும்வரை தர வேண்டிய பணத்தை நிறுத்திவைக்க வேண்டும். சட்டம் அப்படி. சம்பளம் அங்கே நின்றது, முன்பணம் ஓனரிடம் நின்றது, ஒப்பந்தத்தில் பதினைந்து மாதம் மிச்சம். மூன்றும் ஒரே வாரத்தில் வந்தால் மனிதனுக்குச் சாப்பாடு இறங்காது.

"டிப்ளமேட்டிக் கிளாஸ் இருக்கே" என்று நண்பன் சொன்னான். பெயர்தான் தூதர் மாதிரி, சாதாரண ஆட்களுக்கும் பொருந்தும். வேலை போய்விட்டாலோ வேறு நாட்டுக்கு மாற்றினாலோ ஒப்பந்தத்தைப் பாதியில் முடிக்க வழி விடும் பிரிவு (clause). எடுத்துப் படித்தால், முதல் பன்னிரண்டு மாதம் முடிந்த பிறகுதான் அது உயிர்பெறும், அதற்கு மேல் இரண்டு மாத நோட்டீஸ். ஆகக் குறைந்தது பதினாலு மாத வாடகை. நான் இருந்தது ஒன்பதாவது மாதத்தில். கடைசியில் என் இடத்துக்கு நானே ஒரு ஆளைத் தேடிக் கொடுத்தேன். என் பங்கு முன்பணத்தில் பெரும்பகுதி சுவரில் ஆணி அடித்த குறி, ஏசி சுத்தம் செய்த செலவு என்று கரைந்தது. மூன்று மாதம் கழித்து வேறு வேலை கிடைத்துத் திரும்பி வந்தேன், வந்ததும் முதலில் ஒரு ரூம்தான் எடுத்தேன்.

தம்பிக்காக இதைக் கணக்காகப் போட்டேன். எட்டாவது மாத முடிவில் வேலை போகிறது என்று வைத்துக்கொள்வோம்.

1,000 வெள்ளி ரூம், ஒரு வருட ஒப்பந்தம். காகிதப்படி மிச்சம் நாலு மாதம், 4,000. நடப்பில் ஓனர் அதே வீட்டில் இருப்பவர், வேறு ஆள் வந்தால் அவருக்குப் போதும். பெரும்பாலும் முன்பணம் 1,000 போகும், அத்தோடு முடியும். ஆறு மாத ஒப்பந்தத்தை அடுத்தடுத்துப் போட்டிருந்தாலும் காகிதத்தில் மிச்சம் அதே நாலு மாதம்தான்.

மாதம் 4,200க்குக் கான்டோ, இரண்டு வருடம், பன்னிரண்டு மாதம் கழித்து டிப்ளமேட்டிக் கிளாஸ். உள்ளே போகும் நாளிலேயே முன்பணம் 8,400, முதல் மாத வாடகை 4,200. ஆக 12,600. முத்திரைத்தாள் வரி மொத்த வாடகையில் 0.4 விழுக்காடு, அது 403 வெள்ளி. எட்டாவது மாதம் வேலை போனால் பதினாலாவது மாதம் வரை ஆறு மாத வாடகை, 25,200. அத்தோடு ஓனர் தன் ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கமிஷனில் மிச்ச மாதங்களுக்கான பங்கையும் திருப்பிக் கேட்கும் பிரிவு இருக்கும். கமிஷன் ஒரு மாத வாடகை என்றால் பத்து மாதப் பங்கு 1,750. இரண்டு வீடுகளுக்கும் மாத வாடகையில் வித்தியாசம் நாலு மடங்கு. கிளம்பும் செலவில் ரூமுக்கு ஆயிரம், கான்டோவுக்கு இருபத்தாறாயிரத்துக்கும் மேல்.

மறுபக்கமும் சொல்ல வேண்டும். நீண்ட ஒப்பந்தம் காப்பாற்றிய காலமும் உண்டு. 2022இல் தனியார் வீட்டு வாடகைக் குறியீடு ஒரே வருடத்தில் கிட்டத்தட்ட 30 விழுக்காடு ஏறியது. எச்டிபியும் பின்னாலேயே ஏறியது. முந்தின வருடம் இரண்டு வருடத்துக்குப் போட்டிருந்தவர்கள் நிம்மதியாகத் தூங்கினார்கள். மற்றவர்களிடம் ஓனர்கள் "ஆயிரம் கூட்டிக் கொடு, இல்லை காலி பண்ணு" என்றார்கள். வேலை கெட்டியாக இருந்து, பிள்ளை பள்ளிக்குப் போகிற குடும்பத்துக்கு இரண்டு வருடம்தான் சரி. ஆனால் எத்தனை மாதத்தில் கிளாஸ் உயிர்பெறுகிறது என்பதைப் பேசலாம். ஒரு வருட ஒப்பந்தத்தில் ஆறு மாதம் கழித்து என்று கேளுங்கள், வாடகை மந்தமாக இருக்கும் நேரத்தில் ஒத்துக்கொள்வார்கள். இங்கேயே வேறு கம்பெனிக்கு மாறினால் அந்தக் கிளாஸ் பெரும்பாலும் உதவாது என்பதும் ஞாபகம் இருக்கட்டும்.

காசு கைமாறும் முன்

ஏஜென்ட் என்று சொல்லிக்கொள்பவரின் பதிவு எண் ஆங்கில R எழுத்தில் தொடங்கும். வீட்டு ஏஜென்ட்டுகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான சிஇஏ தளத்தின் பதிவேட்டில் அந்த எண்ணையும் போன் நம்பரையும் போட்டுப் பாருங்கள். எச்டிபி வாடகைப் பணத்தை ஏஜென்ட் தன் கையால் வாங்கவே கூடாது, சட்டப்படி. முன்பணம் "என் பேநவுக்கு அனுப்பிடுங்க" (பேநவ் என்பது போன் நம்பருக்கே பணம் அனுப்பும் வசதி) என்று ஏஜென்ட் சொன்னால் அங்கேயே எழுந்துவிடலாம். ஓனருக்கும் உங்களுக்கும் ஒரே ஏஜென்ட் வேலை செய்து இருபக்கமும் கமிஷன் வாங்குவதும் கூடாது. வீட்டைப் பார்க்காமல், ஊரிலிருந்தே "புக்கிங்" என்று காசு அனுப்பாதீர்கள். அழகான போட்டோ, சந்தையைவிட 300 வெள்ளி கம்மி, "ஓனர் வெளிநாட்டில் இருக்கிறார், இப்போது காட்ட முடியாது" என்ற மூன்றும் ஒரே விளம்பரத்தில் இருந்தால் அது வீடு அல்ல.

ஒப்பந்தம் கையெழுத்தான 14 நாளுக்குள் முத்திரை வரி கட்டிவிடுங்கள். வழக்கமாக வாடகைக்கு வருபவர்தான் கட்டுவார். 1,000 வெள்ளி ரூமுக்கு வருடத்துக்கு 48 வெள்ளிதான். மிச்சம் பிடிக்க நினைத்தால், தகராறு வரும் நாளில் முத்திரை இல்லாத காகிதத்தைச் சான்றாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முன்பணத் தகராறுக்கு ஸ்மால் கிளைம்ஸ் டிரிபியூனல் எனும் சிறு தொகை வழக்கு மன்றம் இருக்கிறது. இரண்டு வருடத்துக்கு மேற்படாத வீட்டு வாடகை ஒப்பந்தங்களில் 20,000 வெள்ளி வரை வக்கீல் இல்லாமலே கேட்கலாம். இதை 2014இல் யாராவது எனக்குச் சொல்லியிருந்தால் அந்த ஆணிக்குறிக்கு அவ்வளவு விலை கொடுத்திருக்க மாட்டேன். குடிபோகும் அன்றே மூலை முடுக்கெல்லாம் வீடியோ எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள். மெத்தையைப் புரட்டி அடிப்பக்கத்தையும் சேர்த்து எடுங்கள்.

தம்பி என்ன செய்தான்

இரண்டு நாள் போனில் மல்லுக்கட்டினோம். அவனுக்கு முழு வீடுதான் ஆசை. மனைவியும் பிள்ளையும் வந்து இறங்கும்போது சொந்தக் கதவு இருக்க வேண்டும் என்றான். நியாயம்தான். மனைவியையும் பிள்ளையையும் கூட வைத்துக்கொள்ளத் தேவையான டிபெண்டன்ட் பாஸுக்குச் சம்பளம் குறைந்தது 6,000 வேண்டும், அவனிடம் 500தான் கூடுதல். முதல் ஆறு மாதம் எப்படியும் தனி ஆள். புரொபேஷன் முடிய வேண்டும், ஆபீஸ் சாங்கியிலேயே இருக்குமா இல்லை கிளையன்ட் இடத்துக்கு அனுப்புவார்களா என்பதும் தெரிய வேண்டும். இந்த ஆறு மாதத்துக்கு முழு வீட்டு வாடகை கொடுத்தால், மாதம் 1,500க்கு மேல் காலி ரூம்களுக்குப் போகும். அதைச் சேர்த்துவைத்தால் குடும்பம் வரும்போது 3 ரூம் வீட்டுக்கு முன்பணம் தயார்.

சிமெய், தெம்பனிஸ், பிடோக் மூன்று இடத்திலும் ரூம் பார்க்கச் சொன்னேன். சாங்கி பிசினஸ் பார்க்குக்கு எக்ஸ்போ நிலையம்தான் பக்கம், இந்த மூன்றிலிருந்தும் சுலபமாகப் போய்விடலாம். சனிக்கிழமை நானும் கூடப் போனேன். பிடோக்கில் இரண்டு ரூம், இரண்டும் மேற்கு. தெம்பனிஸில் ஒரு காமன் ரூம், 980 வெள்ளி, ஆறு மாத ஒப்பந்தம், ஓய்வுபெற்ற தம்பதி மட்டும் இருக்கிறார்கள். லைட் குக்கிங். அந்த அம்மாவிடம் நேராகவே கேட்டேன், கடுகு தாளிக்கலாமா என்று. சிரித்துவிட்டு, ஜன்னலைத் திறந்துவைத்தால் தாளிக்கலாம் என்றார்.

எச்டிபி ஒப்புதல் நேற்று வந்தது. அதில் தம்பியின் பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருக்கிறது. ஓனரிடம் திருத்தச் சொல்லியிருக்கிறோம். அது வரும்வரை பெட்டியைப் பிரிக்காதே என்று சொல்லிவைத்திருக்கிறேன்.